மார்கழி வருகைப் பதிவேடு

ஐந்தே காலுக்குப் பூட்டைத் தொட்டால்
இரும்பு கடிக்கிறது.
முந்தானையில் சாவியைச் சுற்றித்தான் திறக்கவேண்டும்,
ஓசூரில் மார்கழி அப்படி.

மாநகராட்சி ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறது.
பூங்காவில் குளிர்கால உடல்நல முகாம், இருபத்தொரு நாள்.
பெயர், வயது, வார்டு, கையெழுத்து.
ஒரு நாளும் தவறாமல் வருகிறவர்களுக்கு
முடிவில் ஒரு குரங்குக் குல்லாய்.
குல்லாயை முதல் நாளே கொடுத்திருந்தால்
இன்னும் நாலு பேர் வந்திருப்பார்கள்.
அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

முதலில் வருவது இருமல்.
பிறகுதான் நஞ்சுண்டப்பா,
பனிக்குள்ளிருந்து மப்ளரை அவிழ்த்தபடி.
சிரிப்புக் குழுவுக்கு அவர் தலைவர்.
எட்டுப் பேர் வட்டமாக நின்று
கையைத் தூக்கி ஹா ஹா என்பார்கள்.
ஒருத்தர் கன்னடத்தில் சிரிக்கிறார்,
ஒருத்தர் தெலுங்கில்;
என் காதுக்கு வித்தியாசம் தெரியும்.
வெங்கடலட்சுமி மட்டும்
குழுக்கடன் தவணை கட்டுகிற மாதிரி
அளவாகச் சிரித்து முடித்துவிடுவாள்.

பூப்பந்துத் திடலில் ஒற்றை டியூப்லைட்.
சாதிக் அடித்த பந்து
மேலே போகிறது, வெள்ளைக்குள் வெள்ளையாக.
எதிர்ப்பக்கம் முனிரத்தினம்
மட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்.
இன்னும் காத்திருக்கிறார்.
“வருதா?” என்று பனியைக் கேட்கிறார்.
இறங்காத பந்துக்குப் புள்ளி யாருக்கு என்று
நடைபாதை முழுக்க வழக்கு.

ஆறு பத்துக்குக் கம்பெனிப் பேருந்து.
இரவு ஷிப்ட் முடிந்த பெண்கள்
விடுதிக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி வருகிறார்கள்,
கழுத்தில் அடையாள அட்டை,
கண்ணுக்குள் விடிய விடியப் பார்த்த திருகாணி.
அவர்களுக்குக் கயிறு தாண்டப் பிடிக்கும்.
சுகந்தி குஜூர், ஜார்க்கண்டில் எங்கேயோ,
நூற்று நாற்பது தாண்டுவாள்.
எண்ணுவது தென்காசி இசக்கியம்மாள், இந்தியில்.
முப்பதுக்கு மேல் இந்தி தெரியாததால்
“இன்னும், இன்னும், இன்னும்” என்று எண்ணுவாள்.

இவர்களுக்கு வார்டு கட்டத்தில் என்ன எழுத?
சுகாதார ஆய்வாளரைக் கேட்டேன்.
பட்டியலில் இல்லாதவர்கள்
தாண்டலாம், குல்லாய் கிடையாது என்றார்.

ஏழாவது வரை படித்தவள் நான்.
என் எழுத்தை யாரும் ஒரே மாதிரி வாசித்ததில்லை.
கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு சுழி.
பதினொன்று என்றும் படிக்கலாம்,
பதினேழு என்றும்.

ஏழு மணிக்குச் சர்க்கரை பார்க்கும் மேசை.
விறைத்த விரலில் ரத்தம் வர மறுக்கிறது.
நர்ஸ் ஜெசிந்தா ஒவ்வொரு கையையும்
தன் இரண்டு கைக்குள் வைத்துத்
தேய்த்துச் சூடாக்கிய பிறகே குத்துகிறாள்.
ரோஜாத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மாதப்பன்
அளவு சொன்ன பிறகும்
வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவருக்கு இரண்டு சீட்டு எழுதினேன்.

கடைசி நாள் மேடை, மாலை, மைக்.
கவுன்சிலர் எட்டரைக்கு வந்தார்.
இரவு ஷிப்ட்காரிகள் அந்நேரம்
அடுக்குக் கட்டிலில் போர்வைக்குள்.
பேர் வாசிக்க வாசிக்க
ஒரு நாற்காலியும் அசையவில்லை.
“எந்த வார்டும்மா இவங்க?”
“பனி இன்னும் விலகலைங்க” என்றார் நஞ்சுண்டப்பா.
அது பதிலே இல்லை.
எட்டுப் பேரும் சிரித்தார்கள்,
வெங்கடலட்சுமி தவணைக்கு மேலேயே.

எல்லாரும் போன பிறகு
ஒன்பது மணி வெயில் வந்தது.
திடலோரப் புங்கமரத்தில்
பதினொரு பூப்பந்துகள்.
தொரட்டியால் தட்டத் தட்ட
ஒவ்வொன்றாக இறங்கின, அவசரமே இல்லாமல்.
முனிரத்தினம் அங்கேயே நின்று
சாதிக்குக்குப் போன் போட்டார்,
பழைய கணக்கையெல்லாம் திருத்த வேண்டுமாம்.

குல்லாய்கள் என் பையில் இருக்கின்றன.
நாளை முகாம் இல்லை.
பூட்டு அதே குளிரில் இருக்கும்.
பேருந்து ஆறு பத்துக்கு.